பம்ப் போச்சா, இன்ஜின் போச்சா?

கதை, சினிமா, ஆபீஸ் புலம்பல்னே ஓடிட்டிருக்கற இந்தப் பக்கத்துல இன்னிக்கு கொஞ்சம் டீசல் வாசனை அடிக்கும். மூக்கைப் பொத்திக்கறவங்க பொத்திக்கலாம். ஆனா வீட்ல, சொந்தத்துல, தெருவுல யாராவது ஒரு பழைய டீசல் வண்டியையோ, ஜெனரேட்டரையோ, கிணத்து மோட்டாரையோ வெச்சு பொழப்பு நடத்தறவங்க இருந்தா, தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிச்சிடுங்க. பெரிய தொகை மிச்சமாகலாம். எங்க மாமாவுக்கு ஆச்சு.

மொதல்ல மேட்டர் என்னன்னு சொல்லிடறேன். டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காத்தை அழுத்தி அழுத்தி நெருப்பு மாதிரி சூடாக்கி, அதுக்குள்ள டீசலைப் பீய்ச்சி அடிச்சா தானா பத்திக்கும். அவ்ளோதான் தத்துவம். பீய்ச்சி அடிக்கறதுதான் கஷ்டம். ருடால்ஃப் டீசல் 1897-ல ஜெர்மனியில இன்ஜினை ஓட்டிக் காட்டினப்போ, டீசலை உள்ள தள்ள அழுத்தக் காத்தைத்தான் நம்பினாரு. அதுக்குத் தனியா ஒரு கம்ப்ரசர். அதோட எடைக்கு கப்பல்ல வைக்கலாம், ஃபேக்டரியில வைக்கலாம், லாரியில வைக்க முடியாது. ராபர்ட் பாஷ் 1922-ல இதுக்குன்னு ஒரு பம்ப் செய்யணும்னு முடிவெடுத்து, 1927-ல வரிசையா தயாரிக்க ஆரம்பிச்சாரு. டீசல் இன்ஜின் ரோட்டுல பரவலானது அந்த பம்ப் வந்த பிறகுதான்னு சொல்லலாம். நம்ம ஊருக்கு அது மைக்கோ மூலமா வந்துச்சு. 1951-ல பெங்களூர்ல ஆரம்பிச்ச கம்பெனி. 2008-லயே பேரை பாஷ்னு மாத்திட்டாங்க. ஆனா நம்ம மெக்கானிக்குங்க வாயில இன்னும் "மைக்கோ பம்ப்"தான்.

இந்த பம்ப்புக்குள்ள என்ன இருக்கு? நாலு சிலிண்டர் இன்ஜின்னா, வரிசையா நாலு குட்டி பிஸ்டன். அதுக்கு எங்க பக்கம் எலிமென்ட்னு பேரு. சுண்டு விரல் தண்டிதான் இருக்கும். அது ஒரு குழாய்க்குள்ள மேலயும் கீழயும் போய் வரும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி ரெண்டு மூணு மைக்ரான். தலைமுடி சுமார் 70 மைக்ரான்னு வெச்சுக்கங்க. நான் அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு மெஷின் ஷாப்ல குவாலிட்டி பாக்கறவன். பகல் பூரா மைக்ரோமீட்டரோட குடித்தனம். எங்க ஷாப்ல பத்து மைக்ரான் டாலரன்ஸ்ல ஒரு பீஸ் போட்டாலே மெஷின்காரர் பெருமூச்சு விடுவாரு. ரெண்டு மைக்ரான்ல ரப்பர் சீல் எதுவும் இல்லாம, வெறும் இரும்பும் இரும்பும் உரசி, 200 கிலோ பிரஷருக்கு மேல டீசலைத் தூக்கி அடிக்கறதுன்னா... கும்பிடணும் சாமி.

அதுவும் எவ்ளோ டீசல்? ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஒரு சொட்டு. இன்ஜின் நிமிஷத்துக்கு 2000 சுத்து சுத்தினா பம்ப் 1000 சுத்து. அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் நிமிஷத்துக்கு 1000 சொட்டு, ஒண்ணு கூடாம குறையாம. நீங்க ஆக்சிலரேட்டரை மிதிச்சா அந்தக் குட்டி பிஸ்டன் லேசா திரும்பும். அதுல சாய்வா ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். திரும்பற அளவுக்கு சொட்டு பெருசாகும், சிறுசாகும். கம்ப்யூட்டர் இல்லை, கரண்ட் இல்லை. வெறும் இரும்பு.

சரி, இப்ப பருத்திப்பட்டுக்கு வருவோம்.

ஆவடி - பூந்தமல்லி ரோட்ல போனவங்களுக்குத் தெரியும். ஏரி, 2019-ல திறந்த பூங்கா, சாயங்காலம் ஆனா வாக்கிங் கூட்டம். நாலு கிலோமீட்டர் தள்ளி டாங்கி செய்யற ஃபேக்டரி. அதுக்குப் பக்கத்துலயே டாங்கிக்கு 780 குதிரைசக்தி டீசல் இன்ஜின் செய்யற ஃபேக்டரி. இந்தப் பக்கம் பாடியில லூகாஸ், நடுவுல அம்பத்தூர் எஸ்டேட். தெருவுக்கு ரெண்டு பேர் கையில கிரீஸ் இருக்கும். அப்படிப்பட்ட ஊர்லதான் எங்க தாய்மாமா 2007 மாடல் லோடு வண்டி ஒண்ணை வெச்சு ஓட்டறாரு. நாலு சிலிண்டர், எல்லாம் மெக்கானிக்கல், வரிசை பம்ப். எந்தக் கம்பெனின்னு சொல்லல. கம்பெனி மேல தப்பில்லை, 17 வருஷம் ஓடின வண்டி. பிளைவுட், டைல்ஸ், எஸ்டேட் சாமான் எதுவா இருந்தாலும் ஏத்துவாரு. வயசு 58. பொண்ணு நர்சிங் மூணாவது வருஷம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் ஞாபகம் இருக்கா? ஆவடி, அம்பத்தூர், பட்டாபிராம்னு எங்க பக்கம் பூரா தண்ணி. மாமா வண்டி தெருவுல ரெண்டு நாள் தண்ணியில நின்னுச்சு. டேங்க் வரைக்கும். வடிஞ்ச பிறகு ஃபில்டரை மாத்தி, ஆயிலை மாத்தி, ஸ்டார்ட் பண்ணா எடுத்துக்கிச்சு. "பாத்தியா, யானை மாதிரி" அப்படின்னாரு. பொங்கல் வரைக்கும் யானை யானையாத்தான் இருந்துச்சு.

மார்ச்ல ஆரம்பிச்சது வினை. காலையில முதல் செல்ஃப்லயே எடுக்கும். திருமழிசைக்கு லோடு கொண்டு போய், இறக்கற வரைக்கும் ஆஃப் பண்ணி, திரும்ப ஸ்டார்ட் பண்ணா... கிர்ர்ர் கிர்ர்ர். எடுக்காது. நாலு பேர் தள்ளணும். இல்லைன்னா ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருக்கணும். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி எடுத்துக்கும். ஏப்ரல்ல வெயில் ஏற ஏற இது தினசரி ஆச்சு. பாடி மேம்பாலம் ஏறும்போது மூணாவது கியர்ல போன வண்டி ரெண்டாவதுக்கு வந்துச்சு. பின்னாடி ஆட்டோக்காரன் ஹாரன் அடிச்சே கொன்னான்.

முதல் மெக்கானிக் பேட்டரின்னாரு. மாத்தியாச்சு. அப்புறம் செல்ஃப் மோட்டார் வைண்டிங். அதுவும் ஆச்சு. மொத்தம் 11,000. ரெண்டாவது மெக்கானிக் ஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டு, காதை வெச்சுக் கேட்டுட்டு, தீர்ப்பு சொல்லிட்டாரு: "ரிங் போச்சு, லைனர் போச்சு. கம்ப்ரஷன் இல்லை. இன்ஜின் இறக்கணும். 90,000 எடுத்து வைங்க."

தொண்ணூறுக்கு மாமா எங்க போவாரு? ஒரு புரோக்கர் வந்து 65,000-க்கு அப்படியே எடுத்துக்கறேன்னு 5,000 டோக்கன் அட்வான்ஸும் குடுத்துட்டுப் போயிட்டான். பதினேழு வருஷ வண்டியை 65-க்கு வித்துட்டு, 58 வயசுல எவன் வண்டியிலயாவது டிரைவரா போகணும். அத்தை எனக்குப் போன் பண்ணி, "உங்க மாமா ரெண்டு நாளா சரியா சாப்பிடல, வந்து பேசு"ன்னாங்க.

நான் மெக்கானிக் இல்லை. ஆனா டிப்ளமோ மெக்கானிக்கல், பொழப்பு அளக்கறது. அளக்காம தீர்ப்பு சொன்னா எனக்கு ஒத்துக்காது. ஞாயித்துக்கிழமை போனேன்.

பேச்சுவாக்குல மாமா ஒண்ணு சொன்னாரு பாருங்க. "இன்ஜின் போச்சுங்கறான் மாப்ள. ஆனா ஆயிலே குடிக்கல தெரியுமா? ஊத்தவே வேணாம். இன்னும் சொல்லப்போனா கொஞ்சம் ஏறி நிக்குது."

எனக்கு அங்கதான் பொறி தட்டுச்சு. ரிங் தேஞ்ச இன்ஜின் ஆயிலைக் குடிக்கும். குறையும். இது ஏறுதுன்னா வேற எதுவோ உள்ள வந்து விழுது. தண்ணின்னா ஆயில் மோர் மாதிரி ஆயிடும். இது கருப்பாத்தான் இருந்துச்சு. ஆனா கேஜ் குச்சியை உருவி மோந்தா டீசல் வாசனை. ஒரு சொட்டை நியூஸ் பேப்பர்ல விட்டு அரை மணி நேரம் வெச்சோம். நடுவுல கருப்பு வட்டம், அதைச் சுத்தி எண்ணெய்க் காகிதம் மாதிரி ஒரு வெளிறின வளையம். டீசல் கலந்திருந்தா இப்படித்தான் தனியா பரவும். பக்கத்துலயே டப்பாவுல இருந்த புது ஆயிலையும் ஒரு சொட்டு விட்டுப் பாத்தோம். அதுல அப்படி வளையம் வரலை.

எப்படி வருது? இந்த மாதிரி பம்ப்ல மேல பாதி டீசல், கீழ பாதி கேம் ஷாஃப்ட். கீழ பாதிக்கு இன்ஜின் ஆயில்தான் சுத்தி வரும். எலிமென்ட் தேஞ்சா, மேல போக வேண்டிய டீசல் இடுக்கு வழியா கீழ கசிஞ்சு, ஆயிலோட சேர்ந்து இன்ஜினுக்குள்ள போயிடும். நாசிலுக்குப் போறது குறையும், ஆயில் சட்டியில ஏறும். ரெண்டும் ஒரே வியாதி. இதுல ஆபத்து என்னன்னா, தண்ணியான ஆயில்ல பேரிங் தாங்காது. இன்னும் ரெண்டு மாசம் இப்படியே ஓட்டியிருந்தா, அந்த மெக்கானிக் சொன்ன தீர்ப்பு நெஜமாவே பலிச்சிருக்கும்.

ஆனா ஒரு வாசனையை வெச்சு முடிவு பண்ணக் கூடாதில்லையா. ஃபீட் பம்ப்ல இருந்தும் கசியலாம். அதனால வரிசையா பாத்தோம். காசு செலவில்லாதது முதல்ல.

1) இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊத்தற மூடியைத் திறந்து பாத்தோம். ரிங் போயிருந்தா குப்குப்னு புகை தள்ளும். லேசா ஆவி மட்டும்தான் வந்துச்சு. இன்ஜினுக்கு ஒரு மார்க்.

2) காத்து எங்கயாவது இழுக்குதான்னு பாக்கணும். டீசல் லைன்ல ஒரு சின்ன வாஷர் போனாலும் காத்து புகுந்து, பம்ப் போன மாதிரியே எல்லா வேலையும் காட்டும். பம்ப்புக்கு வர்ற லைன்ல ஒரு முழம் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ட்யூப் மாட்டினோம். நுரை இருந்தா தெரிஞ்சிடும். இல்லை. அதோட ஒரு கேன்ல சுத்தமான டீசலை உயரமா கட்டி, அதுல இருந்து நேரா குடுத்து ஓட்டினோம். டேங்க், ஃபில்டர், அடைப்பு எல்லாம் கணக்குல இருந்து கழண்டாச்சு. அப்பவும் சூட்டுல அதே கிர்ர்ர்.

3) ஐடில்ல ஓடும்போது நாசில் பைப் நட்டை ஒவ்வொண்ணா லேசா தளத்தினோம். நல்ல சிலிண்டரைத் தளத்தினா இன்ஜின் தடுமாறும். ஏற்கெனவே சோம்பேறியா இருக்கறதைத் தளத்தினா பெருசா ஒண்ணும் மாறாது. மூணாவது சோம்பேறி. நாலாவது அரை சோம்பேறி. அப்புறம் மூணாவது நாசிலைக் கழட்டி ஒண்ணாவதுக்கும், ஒண்ணாவதை மூணாவதுக்கும் மாத்தினோம். நாசில் கோளாறுன்னா நோய் நாசிலோடயே போயிருக்கணும். போகலை. மூணாவதே மூணாவதா இருந்துச்சு. அப்போ ஒண்ணு பம்ப், இல்லை அந்த சிலிண்டர்ல கம்ப்ரஷன். தெருவுல ஒரு பையன்கிட்ட டீசல் கம்ப்ரஷன் கேஜ் இருந்துச்சு. நாலு சிலிண்டரும் ஏறக்குறைய ஒண்ணா காட்டுச்சு. இன்ஜினுக்கு ரெண்டாவது மார்க்.

இங்க ஒரு எச்சரிக்கை. நட்டைத் தளத்தும்போது மேல துணியைச் சுத்துங்க, கண்ணாடி போடுங்க, கையைக் கிட்ட கொண்டு போகாதீங்க. நாசில்ல இருந்து வர்ற டீசல் ஊசி மாதிரி தோலைக் கிழிச்சு உள்ள போகும். பாத்தா சின்னப் புள்ளிதான் இருக்கும், வலி கூட உடனே இருக்காது. ஆனா அது ஆபரேஷன் பண்ணற அளவுக்கு அவசரம். "கழுவிட்டா போச்சு"ன்னு வீட்டுக்குப் போனவங்க விரலை இழந்திருக்காங்க.

4) கடைசி சோதனை பழைய டிரைவருங்க எல்லாருக்கும் தெரிஞ்சது. வண்டியை நல்லா சூடாக்கி, ஆஃப் பண்ணி, எடுக்கலைன்னு உறுதி பண்ணிக்கிட்டு, பம்ப் மேல மட்டும் ஈரக் கோணியைப் போட்டோம். பத்து நிமிஷம். சும்மா விட்டா ஒரு மணி நேரம் ஆகற வண்டி, பத்தே நிமிஷத்துல ஒரே செல்ஃப்ல எடுத்துக்கிச்சு. மத்த இன்ஜின் அப்படியே கொதிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஆறினது பம்ப் மட்டும்தான்.

காரணம் சிம்பிள். செல்ஃப் அடிக்கும்போது பம்ப் ஆமை மாதிரி சுத்தும். கசியறதுக்கு நிறைய நேரம் கிடைக்கும். டீசல் சூடானா இன்னும் நீர்த்துப் போகும். தேஞ்ச இடுக்கு வழியா சுலபமா நழுவிடும். ஓடிட்டிருக்கும்போது வேகமா அடிக்கறதால கசிய நேரம் கம்மி, சமாளிச்சிடும். காலையில டீசல் ஜில்லுன்னு கெட்டியா இருக்கும், அப்பவும் சமாளிச்சிடும். குளிர்ல எடுக்கறது, சூட்டுல எடுக்காதது, ஏத்தத்துல இழுக்காதது, அப்பவும் கரும்புகை வராதது, ஆயில் ஏறறது. இந்த அஞ்சும் சேர்ந்து வந்தா முதல்ல பம்ப்பைச் சந்தேகப்படுங்க. (கரும்புகை வந்தா கதை வேற. டீசல் அதிகம், இல்லை காத்து கம்மி. ஏர் ஃபில்டர், நாசில்னு அந்தப் பக்கம் போகணும்.)

திங்கக்கிழமை லீவு போட்டுட்டு, பம்ப்பைக் கழட்டி, பூந்தமல்லி பக்கம் ஒரு பம்ப் கடைக்குக் கொண்டு போனோம். கழட்டறதுக்கு முன்னாடி கப்ளிங்ல, பம்ப்ல, இன்ஜின்ல பன்ச் வெச்சு அடையாளம் போட்டுக்கிட்டோம். இது ரொம்ப முக்கியம். ஒரு பல்லு மாறினாலும் டைமிங் போயிடும்.

அந்தக் கடை பாய் நாப்பது வருஷமா இதே வேலை. கதவு சாத்தின ரூம், தூசி வரக் கூடாதாம். நடுவுல டெஸ்ட் பெஞ்ச். பம்ப்பை அதுல மாட்டி, மோட்டார் வெச்சு சுத்தி, நாலு லைன்ல இருந்து வர்ற எண்ணெயை நாலு கண்ணாடிக் குழாய்ல பிடிக்கறாரு. மாமாவைப் பக்கத்துல கூப்பிட்டு, "நீங்களே பாருங்கண்ணே"ன்னாரு. 1000 அடிக்கு எவ்ளோ மில்லி: முதல் குழாய் 52. ரெண்டாவது 50. நாலாவது 41. மூணாவது 37. அப்புறம் வேகத்தைக் குறைச்சு, செல்ஃப் அடிக்கற வேகத்துல வெச்சாரு. மூணாவது குழாய்ல ஏதோ ஒழுகற மாதிரி சொட்டுச்சு. அவ்ளோதான்.

"இன்ஜின் சாகலண்ணே. பட்டினி கிடக்கு" அப்படின்னாரு பாய்.

எலிமென்ட்டை உருவி என் கையில குடுத்தாரு. நல்ல எலிமென்ட் கண்ணாடி மாதிரி முகம் தெரியும். இதுல மேல் விளிம்புக்குக் கீழ நெடுக்கா சாம்பல் கலர்ல மழுங்கின ஒரு பட்டை. அங்கங்க துருப் புள்ளி. நகத்தால தடவினா ஒண்ணும் தெரியாது. மைக்ரோமீட்டரோட வாழறவனுக்கே தெரியலை. ஆனா அந்த ஒண்ணு ரெண்டு மைக்ரான்தான் மாமா பொழப்பு.

"தண்ணியில நின்ன வண்டியா?"ன்னு கேட்டாரு, நாங்க சொல்லாமலே. மிக்ஜாமுக்குப் பிறகு இந்த மாதிரி நிறைய வந்துச்சாம். டேங்க்ல புகுந்த தண்ணி அடியில தங்கிடும். டீசல் தண்ணியை விட லேசு. மேல இருக்கற டீசல்ல வண்டி ஓடும். குலுங்கும்போது தண்ணி கொஞ்சம் கொஞ்சமா கலந்து போகும். டேங்க் உள்ள துரு பிடிச்சு, அந்தப் பொடியும் போகும். இந்தக் குட்டி பிஸ்டனுக்கு டீசல்தான் சாப்பாடு, அதுவேதான் எண்ணெயும். அதுல தண்ணி வந்தா வழுவழுப்பு போச்சு.

மண்ணெண்ணெய் கலப்படமும் இதே வேலையைத்தான் செய்யும். மண்ணெண்ணெய்க்கு வழுவழுப்பு கம்மி. "லிட்டருக்கு நாலு காசு மிச்சம்"னு கலக்கறவனுக்கு அது லாபம், ஓட்டறவனுக்கு பம்ப் காலி. இதை சின்ன விஷயம்னு நெனைக்காதீங்க. 2005 நவம்பர்ல உத்தரப் பிரதேசம் லக்கிம்பூர் கேரியில, கலப்படம் பண்ண பங்க்கை சீல் வெச்சதுக்காக மஞ்சுநாத் சண்முகம்கற இந்தியன் ஆயில் அதிகாரியைச் சுட்டே கொன்னாங்க. வயசு 27.

சரி, பாய் மூணு வழி சொன்னாரு.

ஒண்ணு, புதுப்பேட்டையில பழைய பம்ப் 7,000-க்கு கிடைக்கும். ஆனா எலிமென்ட் சைஸ், கவர்னர், சுத்தற திசை எல்லாம் நம்ம பம்ப் தகட்டுல இருக்கற நம்பரோட ஒத்துப் போகணும். அது எந்தத் தண்ணியில நின்னதோ, அதுவும் தெரியாது.

ரெண்டு, "டீசல் ஏத்தி விடறது". ஸ்க்ரூவைத் திருப்பி நாலு லைனுக்கும் அளவைக் கூட்டிடறது. 500 ரூபாய் வேலை. வண்டி அன்னிக்கு பறக்கும். ஆனா கூட்டறது நல்லா இருக்கற ஒண்ணு, ரெண்டுக்கும் சேர்த்துத்தான். அங்க டீசல் அதிகமாகி, கரும்புகை கக்கி, சூடு ஏறி, பிஸ்டன் உருகற வரைக்கும் போகலாம். எஃப்.சி.யில புகை டெஸ்ட்டும் பாஸ் ஆகாது. "நெறைய பேர் இதைத்தான் கேப்பாங்க. நான் பண்றதில்லை"ன்னாரு பாய்.

மூணு, ஒழுங்கா செய்யறது. நாலு எலிமென்ட் 5,200. நாலு டெலிவரி வால்வு 2,000. நாலு நாசில் 3,600. ஃபீட் பம்ப் கிட், சீல் 1,300. கூலியும் கலிபரேஷனும் 4,500. டேங்க்கை இறக்கிக் கழுவறது, ஃபில்டர், புது இன்ஜின் ஆயில் 4,800. ஆக மொத்தம் 21,400.

மாமா ரொம்ப நேரம் பேசலை. வெளிய வந்து, "65,000 கைக்கு வர்றது நிச்சயம் மாப்ள. இது ஓடும்ங்கறது?"ன்னு கேட்டாரு. நியாயமான கேள்வி. நான் உத்தரவாதம் எதுவும் குடுக்கலை. கம்ப்ரஷன் நம்பரையும், நாலு குழாயையும், ஈரக் கோணியையும் மட்டும் திரும்பச் சொன்னேன். "மெக்கானிக் சொன்னது காதால கேட்டது மாமா. இது நீங்க கண்ணால பாத்தது."

அன்னிக்கு ராத்திரி அத்தை கம்மலைக் கழட்டி வெச்சுட்டாங்க. அடகு. புரோக்கருக்கு அட்வான்ஸ் 5,000 திருப்பிக் குடுத்து, அவன் முனகினதுக்கு மேல ஒரு 500 குடுத்து அனுப்பினாரு மாமா.

டேங்க்கை இறக்கினப்போ அடியில இருந்து வந்ததைப் பாக்கணுமே. காபித்தூள் மாதிரி துருச் சேறு, ரெண்டு டம்ளருக்கு. இதைக் கழுவாம புது எலிமென்ட் போட்டிருந்தா, ஆறு மாசத்துல திரும்ப அதே கடை. "பம்ப்பை மட்டும் பாருங்க, டேங்க் அப்புறம் பாத்துக்கலாம்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

நாலாவது நாள் பம்ப் வந்துச்சு. பெஞ்ச்ல நாலு குழாயும் 50, 51-ன்னு ஒரே மட்டத்துல நின்னதை மாமா போன்ல படம் பிடிச்சு வெச்சிருக்காரு. மாட்டி, அடையாளத்துக்கு நேரா வெச்சு, ஹேண்ட் பிரைமர் அடிச்சு ஏர் எடுத்து, முதல் ஸ்டார்ட். பாய் சொல்லி அனுப்பினபடி ஒருத்தர் மரப்பலகையோட ஏர் வர்ற வாய் பக்கத்துல நின்னாரு. பம்ப் உள்ள ராக் சிக்கிக்கிட்டா டீசல் இன்ஜின் கட்டுப்பாடில்லாம ஏறிக்கிட்டே போகும், சாவியைத் திருப்பினாலும் நிக்காது. காத்தை அடைச்சாத்தான் நிக்கும். கையால அடைக்கக் கூடாது, பலகைதான். நல்லவேளை, பலகைக்கு வேலை வரலை.

அது 2024 மே. இதை எழுதற வரைக்கும் வண்டி ஓடிட்டுத்தான் இருக்கு. கம்மல் ஆகஸ்ட்ல திரும்பி வந்துச்சு. மாமா பொண்ணு படிப்பை முடிச்சிட்டா. ஆயில் கேஜ் குச்சியில அளவு ஏறலை. மாமா இப்ப சனிக்கிழமை சனிக்கிழமை ஃபில்டர் அடி திருகைத் திறந்து, ஒரு கண்ணாடி டம்ளர்ல கொஞ்சம் பிடிச்சு வெளிச்சத்துல பாக்கறாரு. தண்ணி இருந்தா அடியில தனியா முத்து மாதிரி நிக்கும். மழைக்காலத்துல டேங்க்கை ரொம்பிக் காலியா விடறதில்லை. காலி இடத்துல இருக்கற ஈரக்காத்துதான் ராத்திரி தண்ணியா மாறும்.

பழைய டிரைவருங்க "இப்ப வர்ற டீசல்ல சல்ஃபர் இல்லை, அதான் பம்ப் போகுது"ன்னு சொல்றதையும் பாய்கிட்ட கேட்டேன். பாதி உண்மை. 2020 ஏப்ரல்ல இருந்து பி.எஸ்.6 டீசல்ல சல்ஃபர் பத்து லட்சத்துக்கு பத்து பங்குதான். சல்ஃபரை எடுக்கற வேலையில டீசலோட இயற்கையான வழுவழுப்பும் கொஞ்சம் போயிடும். அதனாலதான் வழுவழுப்புக்குன்னு மருந்து சேர்த்து, அதுக்கு ஒரு அளவும் வெச்சுத்தான் விக்கறாங்க. நல்ல பங்க்ல போட்டா பயமில்லை. பாயோட கணக்குல முதல் எதிரி தண்ணி, ரெண்டாவது அழுக்கு, மூணாவது கலப்படம். சல்ஃபர் அதுக்கெல்லாம் பின்னாடி எங்கயோ.

பாய் கடையில இப்ப மெக்கானிக்கல் பம்ப் வர்றது ரொம்பக் குறைஞ்சு போச்சு. அவர் பையன் பக்கத்து ரூம்ல காமன் ரெயில் பெஞ்ச் போட்டிருக்கான். புது வண்டியில பம்ப் போனா உள்ள இருந்து இரும்புப் பொடி கிளம்பி ரெயில், இன்ஜெக்டர் எல்லாத்தையும் சேர்த்து முடிச்சிடுமாம். அங்க ஈரக் கோணி வைத்தியம் எல்லாம் செல்லாது, ஸ்கேனர் வேணும்.

டிஸ்கி: மேல சொன்ன நட்டைத் தளத்தற சோதனை பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு மட்டும்தான். காமன் ரெயில் வண்டியில ஓடும்போது எந்த பைப் நட்டையும் தொடாதீங்க. அதுல பிரஷர் பல மடங்கு. கை போயிடும். யாராவது "இன்ஜின் இறக்கணும்"னு சொன்னா, சரிங்கன்னு சொல்லிட்டு, முதல்ல ஆயில் கேஜை உருவி மோந்து பாருங்க. அதுக்கு ஒரு பைசா செலவில்லை.